புது எம்340ஐ: முதல் 2,000 கிலோமீட்டர் அடக்கி ஓட்டுவதா, மிதித்து ஓட்டுவதா?

நீலாங்கரை_340

வணக்கம். எட்டு வருஷம் பணம் சேர்த்து, போன வெள்ளிக்கிழமை வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிஎம்டபிள்யூ எம்340ஐ. இதோ இங்கே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பூட்டிய வண்டி. மீட்டரில் 62 கிலோமீட்டர் காட்டுகிறது. புது எஞ்சினைப் பழக்குவது பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வதால் எடுத்து ஓட்டவே தயக்கமாக இருக்கிறது.

அப்பா அம்பாசடர் ஓட்டியவர். "ரீபோர் பண்ணின வண்டி, அதான் சிலிண்டரைக் கடைஞ்சு புதுப்பிச்ச வண்டி மாதிரி நினைச்சுக்கோ, ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் அறுபதைத் தாண்டாதே" என்கிறார். பைக் பந்தயத்துக்குப் போகும் நண்பன் நேர் எதிர். "முதல் நாளே சிவப்புக் கோடு வரை முறுக்கு, இல்லைன்னா எஞ்சின் சோம்பேறியாயிடும்" என்கிறான்.

கையேட்டில் இருப்பது இது: முதல் 2,000 கி.மீ. வரை 4,500 ஆர்பிஎம்மையும் 160 கி.மீ. வேகத்தையும் தாண்டக் கூடாது. முழு மிதியும் கிக்டவுனும் (மிதியை அடிவரை அழுத்தி கியரைச் சட்டென்று இறங்க வைப்பது) கூடாது. பிறகு படிப்படியாக ஏற்றலாம். 160 நம் ஊரில் சட்டப்படியே கிடையாது, அதனால் அது எனக்குப் பிரச்சினை இல்லை. அந்த எல்லைக்குள் எப்படி ஓட்டுவது என்பதுதான் கேள்வி.

கோவை_லேத்

வாழ்த்துகள் தம்பி. இருபத்தைந்து வருஷமாக எஞ்சின் பிரித்துக் கட்டுகிறேன், பந்தய வண்டிகளும் சேர்த்து. என் பதில்: மிதி.

காரணம் சொல்கிறேன். பிஸ்டன் ரிங்குக்குத் தன் சொந்த விறைப்பு கொஞ்சம்தான். சிலிண்டர் சுவரோடு அதை அழுத்தி ஒட்ட வைப்பது எரியும் வாயுவின் அழுத்தம். அந்த வாயு மேல் ரிங்கின் பின்பக்கம் இருக்கும் இடைவெளியில் புகுந்து, ரிங்கை வெளிப்பக்கமாகத் தள்ளும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறாயோ அவ்வளவு அழுத்தம். ஹோனிங் செய்த, அதாவது உள்சுவரைக் கல்லால் உரசித் தீட்டிய சிலிண்டரில் விரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்திருக்கிறாயா? குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் நகத்தில் நரநரவென்று தட்டுப்படும். அந்தக் கோடுகளின் மேடு ரிங்கோடு உரசித் தேய்ந்தால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். மேடு தேய்ந்துபோன பிறகு நீ என்ன மிதித்தாலும் பிரயோஜனம் இல்லை. எல்லாம் ஆரம்பத்தில்தான்.

பயந்து பயந்து ஓட்டினால் என்ன ஆகும்? ரிங் பாதி பொருந்திய நிலையிலேயே எண்ணெய்ப் படலம் சூட்டில் வெந்து, சுவரில் வார்னிஷ் அடித்தது போலப் படிந்துவிடும். போன வருஷம் ஒரு எஞ்சினைப் பிரித்தேன். ரீபோர் செய்த பிறகு ஊருக்குள்ளேயே, கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வந்த கார். உள்ளே டார்ச் அடித்தால் சிலிண்டர் எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளக்கிறது, கோடே தெரியவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. அதைத் திரும்ப ஹோனிங் செய்துதான் சரிசெய்ய முடிந்தது.

ஏ9_மியூனிக்

அண்ணா சொல்லும் ரிங் கணக்கு சரி. ஆனால் அது அம்பாசடர் காலத்து வார்ப்பிரும்பு சிலிண்டருக்கும், பட்டறையில் கையால் ஹோனிங் செய்த ரீபோருக்கும் பொருந்துகிற அளவுக்கு இந்த வண்டிக்குப் பொருந்தாது. நான் இங்கே உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் அளவீட்டுப் பிரிவில் இருக்கிறேன். மேற்பரப்பு அளக்கும் ஊசியை வைத்துப் பார்ப்பதே என் வேலை, அதனால் இதில் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் வண்டியில் இருக்கும் இந்த பி58 எஞ்சினில் தனியாக லைனர் (சிலிண்டருக்குள் செருகும் இரும்புக் குழாய்) கிடையாது. அலுமினிய பிளாக்கின் மேல் இரும்புக் கம்பியை மின்வில்லில் உருக்கித் தெளித்து, மெல்லிய பூச்சாக ஏற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஹோனிங்கைப் பல கட்டமாகச் செய்து, கூரான மேடுகளைத் தொழிற்சாலையிலேயே சீவிவிடுகிறார்கள். நீங்கள் முதல் நூறு கிலோமீட்டரில் செய்யச் சொல்லும் வேலையில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிட்டது. மிச்சத்துக்குச் சாதாரண ஓட்டமே போதும்.

அப்புறம், 2,000 கி.மீ. என்பது ரிங்குக்கு மட்டும் வைத்த கணக்கு இல்லை. என்னிடம் பிஎம்டபிள்யூ எம்2 இருக்கிறது. அதற்கு எல்லை 5,500 ஆர்பிஎம், 170 கி.மீ. 2,000 கி.மீ. முடிந்ததும் எஞ்சின் ஆயிலோடு பின் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) ஆயிலையும் மாற்றுகிறார்கள். ஏன் டிஃபரன்ஷியல்? அங்கே பல்லும் பல்லும் உருளுவது மட்டுமில்லை, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கியும் போகிறது. புதுப் பல்லில் முழு டார்க்கை ஏற்றினால் அந்த இடத்தில் மட்டும் சூடு கடுமையாக ஏறும். டயருக்கு 300 கி.மீ., பிரேக் பேடுக்கு 500 கி.மீ. என்று கையேடு தனியாகச் சொல்கிறது. நண்பரின் பைக் யோசனையில் இது எதுவுமே இல்லை.

அமெரிக்காவில் கார்வெட் சி8 வாங்கினால் முதல் 500 மைல் வரை கீழ் கியர்களில் டார்க்கை வண்டியே குறைத்துக்கொள்கிறது. கம்பெனிக்காரன் ஓட்டுநரை நம்பாமல் மென்பொருளிலேயே பூட்டுப் போடுகிறான் என்றால் சும்மாவா?

கோவை_லேத்

டிஃபரன்ஷியல் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அதை நான் சொல்லியிருக்க வேண்டும். பிரேக், டயரும் சரி.

ஆனால் தம்பி, நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "முழு மிதி வேண்டாம்" என்று படிக்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் "மிதிக்கவே வேண்டாம்" என்று புரிந்துகொள்கிறார்கள். அப்புறம் நெடுஞ்சாலையில் எட்டாவது கியரில் க்ரூஸ் கண்ட்ரோலைப் போட்டு, ஒரே ஆர்பிஎம்மில் முந்நூறு கிலோமீட்டர் உருட்டுகிறார்கள். என் சண்டை அவர்களோடுதான். பூச்சு என்ன பூச்சாக இருந்தாலும் ரிங்கைத் தள்ளுவது வாயு அழுத்தம்தானே? அது மாறவில்லையே?

இந்த எஞ்சினில் 500 நியூட்டன் மீட்டர் டார்க் 1,900 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. அதாவது 4,500 எல்லைக்குள் நின்றுகொண்டே சிலிண்டருக்கு நல்ல சுமை கொடுக்க முடியும். சிவப்புக் கோடு வரை போகத் தேவையே இல்லை. சுமை வேறு, சுழற்சி வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வருஷக்கணக்காக இந்தச் சண்டை ஓயவில்லை.

ஏற்காடு_20_கொண்டைஊசி

சேலத்திலிருந்து எழுதுகிறேன். என்னுடையது வர்ட்டஸ் ஜிடி, நீங்கள் பேசும் குதிரைகளில் பாதிகூட இல்லை, ஆனாலும் இரண்டு வார்த்தை. ஃபோக்ஸ்வேகன் கையேட்டில் ஆர்பிஎம் எண்ணாகக் கொடுக்காமல், முதல் 1,000 கி.மீ. வரை உச்சச் சுழற்சியில் மூன்றில் இரண்டு பங்கு, அதற்கு மேல் 1,500 வரை மெல்ல மெல்ல என்று போட்டிருந்தது. நான் அதைத்தான் செய்தேன். வீட்டிலிருந்து மலைக்கு ஏறி இறங்குவதே என் ரன்னிங் இன், அதாவது எஞ்சினைப் பழக்கிய ஓட்டம்.

இரண்டு பேரும் பேசாத ஒன்று, ஆயில் சூடு. ரேடியேட்டர் தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும், ஆயில் அதற்குப் பின்னால்தான் வரும். காலையில் கிளப்பிய ஐந்தாவது நிமிஷம் வண்டி தயார் என்று நினைத்து அழுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. டர்போவின் தண்டு நிற்பதே ஆயில் படலத்தின் மேல்தான். லேத் அண்ணா "மிதி" என்று மட்டும் எழுதினால் படிக்கிற பையன் வாசலிலேயே மிதித்துவிடுவான். தயவுசெய்து "சூடான பிறகு" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கீழ் ஆர்பிஎம்மில் சுமை கொடு என்பதும் ஆபத்தாகப் புரிந்துகொள்ளப்படலாம். மேனுவல் மோடில் ஆறாவது கியர், 1,400 ஆர்பிஎம், அப்போது அழுத்தினால் டர்போ பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. ஒரே ஒரு வெடிப்பு பிஸ்டனை உடைக்கப் போதும்.

கோவை_லேத்

சேர்த்துக்கொள்கிறேன் அம்மா. சூடான பிறகு. 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே அழுத்த வேண்டாம். இரண்டும் சரியான பேச்சு.

ஏ9_மியூனிக்

எம்2 மீட்டரில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஆயில் குளிர்ந்திருந்தால் எச்சரிக்கை வட்டம் கீழேயே தொடங்கும், சூடு ஏற ஏற எல்லை மேலே நகரும். டிசம்பர் மாதம் இங்கே அது முழுதாக ஏறுவதற்குள் நான் ஆட்டோபானில் பாதி தூரம் போயிருப்பேன்.

அண்ணா, உங்களோடு எனக்கு இன்னும் ஒரு கணக்கு பாக்கி. பந்தய எஞ்சினை டைனோ என்கிற சோதனை மேடையில் ஒரு மணி நேரத்துக்குள் பழக்கிவிடுகிறார்கள், பிறகு ஏன் இரண்டாயிரம் கிலோமீட்டர் என்று பலரும் கேட்பார்கள். நீங்களும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்கு வண்டி கட்டியவர் என்பதால் கேட்கிறேன். அந்த எஞ்சின்களைத் திரும்ப எப்போது பிரிப்பீர்கள்?

கோவை_லேத்

ஒரு சீசன். சிலதை அதற்கு முன்பே. நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று புரிகிறது. அது இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டிய எஞ்சின் இல்லை. பேரிங்கும் கேமும் நிதானமாகப் பழகுவதற்கு அங்கே நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. நண்பனின் பைக் பேச்சை இந்தத் தம்பி அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு கிடையாது.

ஆனால் ஆயில் விஷயத்தில் விடமாட்டேன். எம்340ஐக்கு 2,000 கி.மீ. சர்வீஸ் கட்டாயம் இல்லை, எம்2 போன்ற முழு எம் வண்டிகளுக்குத்தான். நான் சொல்வது, 1,000-லேயே மாற்று. முதல் ஆயிலில்தான் தேய்ந்த உலோகம் அதிகம் மிதக்கும்.

ஏ9_மியூனிக்

அதைப் பிடிக்கத்தான் ஃபில்டர் இருக்கிறது. ஹோண்டா தன் வாடிக்கையாளர்களிடம் முதல் ஆயிலைக் குறித்த நேரத்துக்கு முன்னால் மாற்றாதீர்கள் என்றே சொல்கிறது. செய்தவனுக்குத் தெரியாததா?

கோவை_லேத்

ஃபில்டர் எல்லாவற்றையும் பிடிக்காது தம்பி. அதன் கண்ணைவிடச் சின்னத் துகள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஒரு ஆயில் மாற்றுவதால் எஞ்சின் கெட்டது என்று இதுவரை யாரும் என் பட்டறைக்கு வந்ததில்லை.

ஏ9_மியூனிக்

மாற்றாததால் கெட்டது என்றும் நான் கண்டதில்லை. 2,000 என்றால் ஒத்துக்கொள்கிறேன், 1,000 வேண்டாத செலவு. இதில் நான் மாறப்போவதில்லை.

நீலாங்கரை_340

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை விடியற்காலை ஏலகிரிக்குக் கிளம்பினேன். போக மட்டும் சுமார் 230 கி.மீ. வாலாஜா வரை மென்மையாக, வேகத்தை எண்பதுக்கும் நூறுக்கும் இடையில் ஏற்றி இறக்கி ஓட்டினேன், க்ரூஸ் கண்ட்ரோலைத் தொடவில்லை. மலையில் 14 கொண்டை ஊசி வளைவு. மேனுவல் மோடில் இரண்டாவது, மூன்றாவது கியர். ஒவ்வொரு வளைவும் முடிந்ததும் 2,200-லிருந்து 4,000 வரை அரை மிதி, சில இடத்தில் முக்கால். இறங்கும்போது பிரேக்கைக் காப்பாற்ற கியரிலேயே பிடித்து வந்தேன். மேலே நிறுத்தியபோது பானெட் பக்கம் புது மெழுகு கருகும் வாசனை, வேறொன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா பத்தாவது வளைவு வரை கைப்பிடியை விடவில்லை. பதினொன்றாவதில் "இது ரீபோர் வண்டி இல்லைதான்" என்றார்.

லேத் அண்ணா, ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கலாம் என்று தேடினேன், இந்த வண்டியில் குச்சியே இல்லை. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, திரையில் அளக்கச் சொன்னேன். அளவு சரியாக இருக்கிறது என்று காட்டியது. இப்போது மீட்டரில் 571. ஆயிலை 2,000-ல் மாற்றப்போகிறேன். அண்ணாவுக்கு வருத்தம் இருக்காது என்று நம்புகிறேன்.

கோவை_லேத்

வருத்தம் எதற்கு, நீ மலையில் ஓட்டியதே போதும். இறங்கும்போது கியரில் பிடித்ததும் நல்லது, மிதியை விட்டதும் சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி ரிங் பக்கம் ஆயிலை இழுத்து அலசிவிடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். 2,000-ல் மாற்றும்போது பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கிக்கொள். உன் வண்டியில் தகர டப்பா கிடையாது, காகித ஃபில்டர் மட்டும் வெளியே வரும். ஒரு நாள் தலைகீழாக வைத்து ஆயிலை வடியவிடு. மடிப்பைப் பிரித்து வெயிலில் விரித்து, பக்கத்தில் ஒரு காந்தத்தை வைத்து படம் எடுத்துப் போடு. மியூனிக் தம்பியும் நானும் அதைப் பார்த்துப் பேசிக்கொள்கிறோம்.

ஏ9_மியூனிக்

படத்தில் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தையும் வையுங்கள், துகளின் அளவு தெரியும்.