274-ஆ 290-ஆ: பியோலாவின் கோல் கணக்கும் யுவென்டஸின் பட்டக் கணக்கும்

பேரேடு
இத்தாலியின் முதல் பிரிவுக் கால்பந்து லீக்கான சீரி ஆ வரலாற்றில் அதிக கோல் அடித்தவர் யார் என்று கேட்டால் எல்லாப் பட்டியலும் சில்வியோ பியோலா, 274 என்றுதான் சொல்லும். அடுத்து டொட்டி 250, நோர்டால் 225. முதல் ஆள் சரி, எண் சரியில்லை என்பது என் வாதம். அது 290 என்று இருக்க வேண்டும்.

விஷயம் 1945-46 சீசன். போர் அப்போதுதான் முடிந்திருந்தது. பாலங்களும் ரயில் பாதைகளும் உடைந்து கிடந்த நாட்டில் வாராவாரம் வடக்கு அணியைத் தெற்கே அனுப்ப வழியில்லை. அதனால் வடக்குக்கு ஒரு குழு, மத்திய இத்தாலிக்கும் தெற்குக்கும் சேர்த்து ஒரு குழு என்று பிரித்து ஆடவிட்டார்கள். இரண்டிலும் முதல் நான்கு இடம் பிடித்தவை, மொத்தம் எட்டு அணிகள், இறுதிச் சுற்றில் மோதின. யுவென்டஸை ஒரே ஒரு புள்ளியில் முந்தி டோரினோ சாம்பியன் ஆனது. அந்தப் பட்டத்தை இத்தாலியக் கால்பந்து சம்மேளனம் டோரினோவின் ஏழு பட்டங்களில் ஒன்றாக இன்றுவரை எண்ணுகிறது. ஆனால் அதே சீசனில் யுவென்டஸுக்காகப் பியோலா அடித்த 16 கோல் சீரி ஆ கணக்கில் வராது. நாடு முழுக்க ஒரே குழுவாக நடந்த லீக் மட்டும்தான் சீரி ஆவாம்.

பட்டம் செல்லும், கோல் செல்லாது. எந்த ஊர் நியாயம் இது?

பத்தாம்_நம்பர்
மறுபடியும் ஆரம்பித்துவிட்டீர்களா சார்! அந்தத் தெற்குக் குழுவில் இரண்டாம் பிரிவான சீரி பி அணிகளும் சேர்ந்துதான் ஆடின. அப்படிப்பட்ட கலவைப் போட்டியை சீரி ஆ என்று எப்படி எழுதுவது? டொட்டியின் 250-ஐப் பாருங்கள். 1993 முதல் 2017 வரை ஒரே கிளப், ரோமா. எதிரே நின்றவர்கள் மால்டினி, நெஸ்டா, கன்னவாரோ, துராம் மாதிரி தடுப்பாட்டக்காரர்கள். அதுவும் பாதிக் காலம் அவர் முன்கள ஆட்டக்காரரே இல்லை, பந்தைப் பிரித்துக் கொடுக்கிற ஆள். பியோலாவுக்கு 274 இருப்பதே ஜாஸ்தி என்று நினைக்கிறவன் நான்.

பேரேடு
பியோலா ஆடியது வடக்குக் குழுவில், தெற்குக் குழுவில் இல்லை. அதையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

டொட்டியின் 250-இல் 71 பெனால்டி. சீரி ஆவில் அவ்வளவு பெனால்டி கோல் வேறு யாருக்கும் கிடையாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எதிரணியின் தரத்தை வைத்து ஒரு கோலைக் கழிக்கலாம் என்றால் அந்தக் கத்தி எல்லார் பக்கமும் வெட்டும்.

பியோலாவின் 274-ஐப் பிரித்துப் பாருங்கள்: புரோ வெர்செல்லிக்கு 51, லாட்சியோவுக்கு 143, யுவென்டஸுக்கு 10, நொவாராவுக்கு 70. இதில் ஒன்றிரண்டு அணிதான் பெரிய அணி. 1943-44, 1944-45 இரண்டு சீசனையும் போர் விழுங்கிவிட்டது, அப்போது அவருக்கு வயது முப்பது, முப்பத்தொன்று. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் இல்லாத காலம், அடிபட்டாலும் நொண்டிக்கொண்டே ஆட வேண்டும். அப்படி இருந்தும் 1954-இல், நாற்பது வயதில், நொவாராவுக்காக மிலான் வலையில் கோல் போட்டார்.

ஓரக்கோடு
சம்பந்தம் இல்லாத ஒரு தகவல், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த நாற்பது வயதுக் கோல் 'மிக மூத்த வயதில் கோல்' என்ற சாதனையாக ஐம்பது வருஷத்துக்கு மேல் நின்றது. 2007-இல் மிலானின் கோஸ்டகுர்தா 41 வயதில் அதை உடைத்தார். உடினேசேக்கு எதிராக, பெனால்டியில். 2023-இல் இப்ராஹிமோவிச் அதையும் உடைத்தார். அதே மிலான், அதே உடினேசே, அதுவும் பெனால்டி. இரண்டு ஆட்டத்திலும் மிலான் தோற்றது. பாவம் உடினேசே என்பதா, பாவம் மிலான் என்பதா?

பத்தாம்_நம்பர்
1939-இல் மிலான் நகரில் இங்கிலாந்துக்கு எதிராகப் பியோலா கையால் தட்டி கோல் போட்டாரே, அதையும் 290-இல் சேர்த்துவிடலாமா? நடுவர் பார்க்கவில்லை. பல வருஷம் கழித்து அவரே கைதான் என்று ஒப்புக்கொண்டார்.

பேரேடு
அது தேசிய அணிக் கணக்கு. லீக்கோடு கலக்காதீர்கள்.

வரிக்குதிரை
பேரேடு சாரின் வாதம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. மைதானத்தில் நடந்தது நடந்ததுதான், ஏட்டில் என்ன எழுதினாலும் மாறாது. சரிதானே? அப்படியென்றால் யுவென்டஸுக்கு 36 பட்டம் இல்லை, 38. 2004-05, 2005-06 இரண்டையும் நாங்கள் ஆடித்தான் ஜெயித்தோம். 2005-06-இல் 91 புள்ளி. மிலான் 88. கோப்பையைத் தூக்கிக்கொண்டு போன இன்டர் 76 புள்ளியோடு மூன்றாம் இடம். மூன்றாவதாக வந்தவனுக்குப் பட்டம் கொடுத்த கதை வேறு எந்த நாட்டில் உண்டு? டூரினில் எங்கள் மைதானத்தில் 38 என்றுதான் போட்டிருக்கிறது. 2012-இல் சட்டையிலேயே, அப்போதைய கணக்குப்படி, 'மைதானத்தில் 30' என்று அச்சடித்து ஆடினோம்.

நெராசூரி
வந்தாச்சு. எந்த இழையைத் திறந்தாலும் கடைசியில் 38-இல் வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும், இந்தமுறை ஏழாவது பதிவிலேயே வந்துவிட்டது.

(நான் இன்டர் பக்கம் வந்ததே மாத்தராஸியால். அவர் சென்னையின் எஃப்சிக்குப் பயிற்சியாளராக வந்து 2015-இல் ஐஎஸ்எல் கோப்பை வாங்கிக் கொடுத்தார், அப்புறம் பின்னால் போய் இன்டரின் பழைய ஆட்டங்களாகத் தேடிப் பார்த்தேன். அதனால் நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.)

2006-இல் நடந்தது என்ன? நடுவர்களை நியமிக்கிற அதிகாரிகளோடு யுவென்டஸ் நிர்வாகி நடத்திய தொலைபேசிப் பேச்சு வெளியே வந்தது. விளையாட்டு நீதிமன்றம் விசாரித்தது. 2004-05 பட்டம் ரத்து, யாருக்கும் கொடுக்கவில்லை. 2005-06-இல் யுவென்டஸைக் கடைசி இடத்துக்குத் தள்ளி சீரி பிக்கு இறக்கினார்கள். மிலானுக்கு 30 புள்ளி வெட்டு. மிச்சம் நின்றது நாங்கள். மைதானத்தில் ஜெயித்தோம் என்கிறீர்கள், அந்த மைதானம் நேராக இருந்ததா என்பதுதானே வழக்கே?

வரிக்குதிரை
2011-இல் சம்மேளனத்தின் வழக்குரைஞர் பலாட்சி கொடுத்த அறிக்கையில் இன்டரின் பெயரும் வந்ததே, அதைச் சொல்லவில்லையே?

நெராசூரி
வந்தது. காலக்கெடு தாண்டியதால் விசாரணையே நடக்கவில்லை. விசாரிக்காத புகாரையும் தீர்ப்பு வந்த வழக்கையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பேரேடு
வரிக்குதிரை, என் வாதத்தைக் கடத்திக்கொண்டு போகிறீர்கள். 1946-இல் எந்த ஆட்டத்தையும் யாரும் சந்தேகப்படவில்லை. போட்டி நடந்த விதம் வேறாக இருந்தது, அவ்வளவே. 2005-இல் போட்டியின் நேர்மைதான் கேள்வி. இரண்டும் ஒன்றில்லை.

ஆனால் நீங்கள் இழுத்த இழுப்பில் ஒரு வேடிக்கை கண்ணில் படுகிறது. 2004-05 பட்டம் ரத்தானது. அந்த சீசனில் லிவோர்னோவின் லூக்கரெல்லி 24 கோல் அடித்து முதலிடம் வந்தாரே, அது ரத்தாகவில்லை. அடுத்த வருஷம் ஃபியோரென்டினாவின் டோனி அடித்த 31-உம் அப்படியே இருக்கிறது. யுவென்டஸுக்காக இப்ராஹிமோவிச்சும் ட்ரெஸெகேயும் அந்த இரண்டு வருஷம் அடித்ததும் அவரவர் கணக்கில் பத்திரம். ஆக 1946-இல் பட்டம் உண்டு, கோல் இல்லை. 2005-இல் கோல் உண்டு, பட்டம் இல்லை. ஒரே சம்மேளனம்!

பத்தாம்_நம்பர்
அதில் என்ன தப்பு? லிவோர்னோவில் ஆடிய லூக்கரெல்லி என்ன பாவம் செய்தார்?

பேரேடு
ஒரு பாவமும் இல்லை. பியோலா செய்த பாவம் என்ன என்றுதான் நானும் கேட்கிறேன்.

நெராசூரி
அப்படி ஆட்டம் ஆட்டமாகக் கழிக்க ஆரம்பித்தால் யுவென்டஸ் கோல்கீப்பர் புஃபோன் மாட்டிக்கொள்வார், ஜாக்கிரதை. சீரி ஆவில் அதிக ஆட்டம் ஆடியவர் அவர், 657. அடுத்து மால்டினி 647. வித்தியாசம் பத்தே ஆட்டம். பட்டம் பறிபோன அந்த இரண்டு சீசனில் புஃபோன் ஆடியது பத்தைவிட எத்தனையோ மடங்கு. சீசனே செல்லாது என்றால் சாதனை மால்டினிக்குப் போகும். நான் மிலான் ஆளுக்குச் சாதனை வாங்கித் தருகிற நிலைமை வந்துவிட்டது பாருங்கள்.

வரிக்குதிரை
புஃபோனைத் தொடாதீர்கள். 2016-இல் 974 நிமிஷம் ஒரு கோல்கூட விடாமல் நின்றவர். அதற்கு முன்னால் மிலானின் ரோஸி 929 வைத்திருந்தார். டோரினோவுடன் நடந்த உள்ளூர் டெர்பியில் பெலோட்டி பெனால்டி போட்டுத்தான் அந்தத் தொடரை முடிக்க முடிந்தது. ஆட்டம் என்னவோ 4-1 என்று நாங்கள்தான் ஜெயித்தோம்.

ஓரக்கோடு
செல்லும் செல்லாது என்று பேசும்போது 1961-இல் யுவென்டஸ் 9, இன்டர் 1 என்ற ஆட்டத்தை ஏன் யாரும் எடுக்கவில்லை?

தெரியாதவர்களுக்கு: அந்த ஏப்ரலில் டூரினில் கூட்டம் கோட்டுக்குள் இறங்கியதால் ஆட்டம் நின்றுபோனது. முதலில் 2-0 என்று இன்டருக்கு வெற்றி கொடுத்தார்கள். யுவென்டஸ் மேல்முறையீடு செய்தது, தீர்ப்பு மாறியது, மறுபடியும் ஆட வேண்டும் என்றார்கள். அப்போது சம்மேளனத் தலைவர் உம்பெர்ட்டோ அக்னெல்லி. யுவென்டஸ் தலைவரும் அவரே! கோபம் வந்த இன்டர் ஜூன் 10 அன்று பெரிய அணியை அனுப்பவில்லை, இளையோர் அணிப் பையன்களை அனுப்பியது. சீவோரி ஆறு கோல் அடித்தார். இன்டரின் ஒரே கோலைப் பெனால்டியில் போட்டவன் முதல் ஆட்டம் ஆடிய சாண்ட்ரோ மத்சோலா, விமான விபத்தில் இறந்த டோரினோ கேப்டன் வாலென்டினோ மத்சோலாவின் மகன்.

ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் என்ற சாதனை பியோலாவுடையது. 1933-இல் ஃபியோரென்டினாவுக்கு எதிராக லாட்சியோ... இல்லை, புரோ வெர்செல்லிக்காக. பையன்களுக்கு எதிராக அடித்த சீவோரியின் ஆறும் அதற்குச் சமமாகத்தான் ஏட்டில் இருக்கிறது.

நெராசூரி
இதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன், நன்றி அண்ணே. மூன்றாம் இடத்துக்குப் பட்டமா என்று கேட்டவர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

வரிக்குதிரை
பையன்களை அனுப்பியது யார்? நாங்களா? எதிரே யார் வந்தாலும் ஆடுவதுதான் ஆட்டக்காரன் வேலை. சீவோரி அந்த வருஷம் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டோர் விருது வாங்கினார், ஒரு ஆட்டத்தால் மட்டும் கிடைத்ததா அது?

பத்தாம்_நம்பர்
ஒரு சீசனில் 36 கோல் கதையும் இதே மாதிரிதான். நாப்போலிக்காக ஹிகுவாயின் 2015-16-இல் அடித்த 36-இல் பெனால்டி மூன்று. தடை விழுந்து மூன்று ஆட்டம் உட்கார்ந்திருந்தும், கடைசி நாள் ஃப்ரோசினோனேவுக்கு எதிராக மூன்று போட்டு நோர்டாலின் 35-ஐத் தாண்டினார். மூன்றாவது கோல், மார்பில் வாங்கி அந்தரத்தில் திரும்பி அடித்தது. 2019-20-இல் லாட்சியோவின் இம்மோபிலேக்கும் 36தான், ஆனால் பெனால்டி 14. ரோமா ரசிகன் லாட்சியோக்காரனை மட்டம் தட்டுகிறான் என்று சொல்லாதீர்கள். சொன்னாலும் பரவாயில்லை.

வரிக்குதிரை
71 பெனால்டி டொட்டிக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாதா?

பத்தாம்_நம்பர்
கிடையாது.

ஓரக்கோடு
பேரேடு சார், உங்கள் கேள்விக்கு என் பதில் இது. பட்டத்துக்கும் கோலுக்கும் இத்தாலியில் ஏடு திறந்த நாளே வேறு. கோல் கணக்கு 1929-30-இல், ஒரே குழு லீக் வந்தபோது தொடங்குகிறது. பட்டக் கணக்கு 1898-இல். அந்த முதல் பட்டத்தை ஜெனோவா எப்படி வாங்கியது தெரியுமா? மே 8, டூரினில் ஒரு சைக்கிள் பந்தய மைதானம், நான்கே அணி, ஒரே நாளில் மொத்தப் போட்டியும் முடிந்தது. அதற்கும் ஒரு பட்டம், 38 ஆட்டம் ஆடி 102 புள்ளி எடுத்த 2013-14 யுவென்டஸுக்கும் ஒரு பட்டம். ஜெனோவாவின் ஒன்பது பட்டமும் 1924-க்குள் வந்தவை, அதாவது சீரி ஆ பிறப்பதற்கு முன்பே. ஆனால் இன்னும் ஒன்று கிடைத்தால் பத்து என்று சொல்லி சட்டையில் நட்சத்திரம் குத்திக்கொள்ளலாம். அந்த ஒன்பதை நீக்குங்கள் என்று இங்கே யாருக்காவது சொல்ல மனம் வருமா? எனக்கு வராது. அதனால் பியோலாவுக்கு 290 கொடுப்பதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் அதை 'சீரி ஆ கோல்' என்று எழுதாமல் 'முதல் பிரிவுக் கோல்' என்று எழுதுங்கள்.

பேரேடு
அப்படி எழுதினால் டோரினோவின் 1946-ஐயும் 'சீரி ஆ பட்டம்' என்று எழுதக் கூடாது. சம்மதமா?

ஓரக்கோடு
அவர்கள் அதை ஸ்கூடெட்டோ, அதாவது தேசியப் பட்டம், என்றுதானே சொல்கிறார்கள். 1944-இல் லா ஸ்பெட்சியாவின் தீயணைப்புப் படை அணி, போருக்கு நடுவே, அதே டோரினோவை 2-1 என்று தோற்கடித்து வடக்கில் ஜெயித்தது. அதற்கு 2002-இல் சம்மேளனம் ஒரு கௌரவச் சின்னம் மட்டும் கொடுத்தது. ஸ்கூடெட்டோ என்று எண்ணவில்லை. தனியாகப் பேச வேண்டிய கதை, இன்னொரு இழை திறக்கிறேன்.

வரிக்குதிரை
திறங்கள். இங்கே முடிவு: பியோலா 290, யுவென்டஸ் 38.

நெராசூரி
36.

பத்தாம்_நம்பர்
274.