வீட்டில் பைக் வேலை செய்ய எந்த ஸ்பெஷல் டூல்ஸ் உண்மையிலேயே தேவை? (பல்சர் 150, வெள்ளவத்தை)

வெள்ளவத்தை_பல்சர்:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய பல்சர் 150. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்துவதற்கு முன்னால் வந்த வண்டி. இப்போது இறக்குமதி திரும்பத் திறந்துவிட்டாலும் புது பைக் விலையைக் கேட்டால் இதையே இன்னும் பல வருஷம் ஓட்டுவதுதான் புத்தி என்று முடிவெடுத்துவிட்டேன். ஒயில் மாற்றுவது, செயின் கழுவி லூப் போடுவது, பிரேக் ஷூ, எயார் பில்டர், பிளக் இரண்டும், இவ்வளவையும் பிளட்ஸ் பார்க்கிங்கில் வைத்து நானே செய்கிறேன். ரிங் ஸ்பெனர் செட், சாதாரண சொக்கட் செட், ஆலன் கீ, பைக்கோடு வந்த டூல் கிட் எல்லாம் கையில் இருக்கிறது.

அடுத்து செய்ய வேண்டியது கிளட்ச் பிளேட்டும் கோன் செட்டும் (ஹாண்டில் திரும்பும் பேரிங்). மேட்டில் ரேஸ் கொடுத்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. ஹாண்டில் நேராக வரும் இடத்தில் ஏதோ பள்ளத்தில் விழுந்த மாதிரி பிடிக்கிறது. அதோடு ஒரு கிராஷ் கார்டும் இரண்டு பொக் லைட்டும் போட ஆசை.

கராஜுக்கே கொடுக்கலாமே என்பீர்கள். போன முறை கொடுத்த இடத்தில் ஒயில் வடிக்கும் ட்ரெயின் போல்டை இறுக்கின இறுக்கில் புரி போய்விட்டது. அதைச் சொல்லாமல் டேப் சுற்றித் திருப்பித் தந்துவிட்டார்கள். வீட்டில் தரையில் ஒயில் சொட்டைக் கண்ட பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. பிறகு லேத் கடையில் ஹெலிகொயில் (புரி போன துளைக்குள் வைக்கும் கம்பிச் சுருள்) போட்டுச் சரி செய்தேன்.

ஆனால் எந்த வீடியோவைப் பார்த்தாலும் ஒரு ஸ்பெஷல் டூல் வருகிறது. மேக்னட் புலர் (இன்ஜின் மேக்னட்டை இழுத்துக் கழற்றுவது), கிளட்ச் ஹோல்டர், சி ஸ்பெனர் (வட்ட நட்டுக்கான கொக்கி ஸ்பெனர்), டோர்க் ரெஞ்ச் (அளவோடு இறுக்குவது), செயின் கட்டர், பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு), பாடக் ஸ்டாண்ட் (சில்லைத் தூக்கி நிறுத்துவது), இம்பாக்ட் டிரைவர், கிரிம்பிங் டூல் (வயர் முனையில் டெர்மினலை நசுக்கிப் பூட்டுவது). எல்லாவற்றையும் வாங்க என்னால் முடியாது. எதை முதலில் வாங்க வேண்டும், எது இல்லாமல் சமாளிக்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மருதானை_ரைடர்:

தம்பி, ஹெலிகொயில் போட்ட ட்ரெயின் போல்ட் உள்ளவர் முதலில் வாங்க வேண்டியது டோர்க் ரெஞ்ச்தான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது அரை இஞ்சி டிரைவ் உள்ள பெரியது. அது கார் சில்லு நட்டுக்கு ஆனது, 28 நியூட்டன் மீட்டரில் (இறுக்கத்தின் அளவு) தொடங்கி 210 வரை போகும். உங்கள் பைக்கில் உடைகிற போல்ட் எல்லாம் அந்த 28க்குக் கீழே இருக்கிறது. இன்ஜின் கவர் போல்ட் எம்6 (6 மில்லிமீட்டர் தடிப்பு), அதற்கு 10 நியூட்டன் மீட்டர் அளவில் போதும். கால் இஞ்சி டிரைவில் 5 இலிருந்து 25 வரை போகும் ரெஞ்ச் வாங்குங்கள். எந்த ரெஞ்சிலும் அளவின் அடிமட்டத்தில் நம்பிக்கை குறைவு, ஆகவே 10 வேண்டுமென்றால் 5இல் தொடங்குவது நல்லது. வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். அதைக் கொண்டு போல்ட் கழற்ற வேண்டாம், இறுக்க மட்டும்தான். ஒவ்வொரு போல்டுக்கும் எவ்வளவு என்பதை உங்கள் மொடலின் சேர்விஸ் மனுவலில் பார்த்து ஒரு தாளில் எழுதி டூல் பெட்டி மூடியில் ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது, யாரும் பேசாத சாமான், நல்ல ஸ்டார் ஸ்குரூ டிரைவர். ஜப்பான் வண்டி யாரிடமாவது இருந்தால் இது அவர்களுக்கும் சேர்த்துத்தான். அந்த ஸ்குரூ பார்க்கச் சாதாரண ஸ்டார் மாதிரி இருக்கும், ஆனால் ஜேஐஎஸ் என்ற ஜப்பான் அளவில் வெட்டியது. பல ஸ்குரூத் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். சாதாரண பிலிப்ஸ் டிரைவரை அதில் வைத்துத் திருகினால் அடி வரைக்கும் உட்காராமல் நழுவி மேலே ஏறும், ஒவ்வொரு நழுவலுக்கும் தலை கொஞ்சம் வட்டமாகும்.

நீங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள், கடலோர மெரின் டிரைவ் பக்கம் என்றால் உப்புக் காற்று விஷயத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் இருந்து அதில் உப்பு ஈரம் படும்போது அலுமினியம் அரித்து வெள்ளைத் தூள் கட்டி போல்டைப் பிடித்துக்கொள்ளும். அங்கேதான் சுத்தியலால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர் உதவும். முதல் நாள் இரவே பெனிட்ரேட்டிங் ஒயில் அடித்து வைத்துவிட்டு, காலையில் டிரைவரை ஸ்குரூவில் வைத்து ஒரு அடி. அடி உள்ளே தள்ளிக்கொண்டே திருப்புவதால் பிட் நழுவாது. பூட்டும்போது புரியில் கொஞ்சம் அன்டி சீஸ் (போல்ட் பிடிக்காமல் இருக்கப் பூசும் பசை) பூசுங்கள். அப்படிப் பூசிய போல்டில் மனுவல் சொன்ன அளவை விடக் கொஞ்சம் குறைத்து இறுக்க வேண்டும், ஏனென்றால் வழுக்குவதால் அதே டோர்க்குக்கு போல்ட் கூடுதலாக இழுபடும்.

பாடக் ஸ்டாண்ட் வேண்டாம். உங்கள் வண்டிக்கு சென்டர் ஸ்டாண்ட் இருக்கிறது.

கராஜ்_நடத்துபவன்:

மருதானை அண்ணா சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. டோர்க் ரெஞ்ச் நல்லது, வாங்கட்டும், ஆனால் அதைவிட முதலில் கையால் புரியைப் பிடிக்கப் பழக வேண்டும். போல்டை விரலால் நாலைந்து சுற்று சுலபமாக உள்ளே அனுப்பிவிட்டுத்தான் ஸ்பெனரைத் தொட வேண்டும். குறுக்கே ஏறிய போல்டுக்கும் ரெஞ்ச் ‘கிளிக்’ என்றுதான் சொல்லும். அந்தச் சத்தத்தை நம்பிப் புரியை இழந்தவர்கள் என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

இனி கிளட்ச். இங்கேதான் மொடலுக்கென்று தனியாகச் செய்த டூல் வேண்டும், ஊகித்து எதையாவது வைத்துச் செய்யக் கூடாது. கவரைக் கழற்றினால் நடுவில் ஒரு நட் இருக்கும். சில வண்டிகளில் அது சாதாரண ஆறுமூலை நட், சிலவற்றில் நாலு வெட்டு உள்ள வட்ட நட். வெட்டு நட்டுக்கு உளியை வைத்து அடிப்பது நாடு முழுக்க நடக்கிறது, அந்த நட்டின் வெட்டெல்லாம் மழுங்கி, உடைந்த துணுக்கு ஒயிலுக்குள் போகும். நாலு பல்லுள்ள சொக்கட் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஒரு பழைய பெரிய சொக்கட்டின் வாயை லேத் கடையில் கொடுத்து நாலு பல் வைத்து வெட்டித் தரச் சொல்லுங்கள். நட்டைக் கழற்றும்போது ஹப் (கிளட்ச்சின் நடுப் பகுதி) கூடவே சுழலும், அதைப் பிடிக்கத்தான் ஹோல்டர். பல்லுச் சக்கரத்துக்கு இடையே காசை வைப்பார்கள், துணியைத் திணிப்பார்கள், இரண்டும் வேண்டாம். ஸ்பிரிங் உட்காரும் நாலு தூணுக்கும் பொருந்துகிற மாதிரி துளை போட்ட தடித்த இரும்புப் பட்டை ஒன்று, அதில் ஒரு நீளக் கைபிடி, இவ்வளவுதான் ஹோல்டர். வெல்டிங் கடையில் செய்து எடுக்கலாம். புது பிளேட்டைப் போடுவதற்கு முன்னால் இன்ஜின் ஒயிலில் ஊற வையுங்கள், காய்ந்த பிளேட்டை அப்படியே போட்டு ஓட்டினால் முதல் நாளே கருகும்.

மேக்னட் புலர் இப்போதைக்கு வேண்டாம். கிளட்ச் வேலைக்கு அது தேவையில்லை. என்றாவது வேண்டி வந்தால் உங்கள் மேக்னட்டின் புரி அளவுக்கே உரியதாக இருக்க வேண்டும், ‘கிட்டத்தட்ட’ என்று ஒன்று கிடையாது. முழுப் புரியும் கையால் ஏறிய பிறகுதான் நடு போல்டை இறுக்குவது. பாதி ஏறியதோடு இழுத்தால் மேக்னட்டின் புரியைப் பிய்த்துக்கொண்டு வரும், பிறகு அதைக் கழற்ற வழியே இல்லை. வருஷத்தில் ஒரு தரமும் தொடாத சாமானுக்குக் காசு போடாமல் அந்த ஒரு வேலைக்கு மட்டும் வண்டியைக் கராஜுக்குக் கொண்டு வாருங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். நிற்க விடாத கராஜுக்குக் கொடுக்க வேண்டாம்.

கோன் செட்டுக்கு சி ஸ்பெனர் வாங்கத்தான் வேண்டும், விலையும் பெரிதில்லை. நேரே வரும்போது பள்ளத்தில் விழுகிற மாதிரி என்றால் பந்துகள் கிண்ணத்தில் குழி போட்டுவிட்டன, இறுக்கிச் சரி செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். பழைய கிண்ணத்தைத் தட்டி எடுக்க நீளமான கம்பி ஒன்று போதும். புதியதை ஏற்றும்போது நேரே அடிக்காமல், நீளமான திரட் ரொட் ஒன்றும் இரண்டு தடித்த வாஷரும் வைத்து இரண்டு பக்கமும் நட்டை இறுக்கிக்கொண்டே போனால் கிண்ணம் கோணாமல் உட்காரும். முன் சில்லைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, ஹாண்டிலை லேசாகத் தட்டினால் இரண்டு பக்கமும் தானாக விழ வேண்டும், போர்க்கைப் பிடித்து முன்பின் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து வரும் இடம்தான் சரியான இறுக்கம்.

தெமட்டகொட_வயரிங்:

பொக் லைட்டைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அக்சசரி போட்டு வயர் எரிந்த வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது ஒரு மல்டிமீட்டர், ராட்செட் உள்ள கிரிம்பிங் டூல், சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் டியூப். மீட்டர் விலை குறைந்ததே போதும். இன்ஜின் நிற்கும்போது பெட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், ரேஸ் கொடுத்தால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் ஏற வேண்டும். லைட்டைப் பூட்டிய பிறகு லைட்டை எரிய விட்டு இதையே திரும்பப் பாருங்கள். ஐட்லிங்கில் 12.5க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் சார்ஜிங் தாங்கவில்லை, சின்ன லைட் எடுங்கள்.

20 வாட் லைட் இரண்டு என்றால் 40 வாட், 12 வோல்டில் மூன்றரை அம்பியருக்குள். 5 அம்பியர் பியூஸ் போதும், அது பெட்டரி பிளஸ்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், லைட்டுக்குப் பக்கத்தில் அல்ல. பாதுகாக்க வேண்டியது இடையில் ஓடும் வயரை. நாலு கால் ரிலேயில் (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச், கால்களில் எண் இருக்கும்) 30க்கு பியூஸ் வழியாக பெட்டரி, 87இலிருந்து லைட்டுக்கு, 86க்கு சுவிட்ச், 85 எர்த். சுவிட்சுக்கான லைனை சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரிலிருந்து எடுங்கள், மறந்து விட்டுப் போனாலும் பெட்டரி இறங்காது.

கம்பனி வயரைச் சுரண்டி இன்சுலேஷன் டேப் சுற்றுவதும், கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்பும் வேண்டவே வேண்டாம். அந்தக் கிளிப் உள்ளே சில இழைகளை வெட்டிவிடும், தென்மேற்குப் பருவ மழையில் தண்ணீர் போய் பச்சை பிடிக்கும், ஒரு நாள் மழையில் நடுவழியில் எல்லாம் அணையும். பிளையரால் நசுக்கிய டெர்மினலும் அதே கதைதான். நல்ல கிரிம்பைக் கையால் பலமாக இழுத்தாலும் வராது, ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள்.

இன்னொன்று சட்டம். 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா என்று சொல்லி பொலிஸ் பஸ், ஆட்டோக்களில் மேலதிகமாகப் போட்ட சாமான்களைக் கழற்ற வைத்தது ஞாபகம் இருக்கும். எதிரே வருபவர் கண்ணில் குத்தாமல், கீழே பார்த்தபடி, நகர வீதியில் அணைக்கக்கூடிய சுவிட்சோடு போடுங்கள்.

வெள்ளவத்தை_பல்சர்:

அண்ணாமார் எல்லாருக்கும் பெரிய நன்றி. அப்போ கால் இஞ்சி டோர்க் ரெஞ்ச், சி ஸ்பெனர், மல்டிமீட்டர், கிரிம்பிங் டூல் வாங்குகிறேன், கிளட்ச் ஹோல்டரும் சொக்கட்டும் செய்விக்கிறேன், புலரை விட்டுவிடுகிறேன். ஒரு சந்தேகம். கிராஷ் கார்டுக்கு இன்ஜின் மவுண்டிங் போல்டையே கழற்றி அவர்கள் தரும் நீள போல்டைப் போடச் சொல்கிறார்கள். வீட்டில் செய்யலாமா? அப்புறம், இதெல்லாம் எங்கே வாங்குவது?

கராஜ்_நடத்துபவன்:

செய்யலாம். ஜாக்கியும் ஒரு மரத்துண்டும் வைத்து இன்ஜினை அடியில் தாங்கிக்கொள்ளுங்கள், பாரம் போல்டில் இருக்கும்போது இழுத்தால் வராது, வந்தாலும் துளை நேர் தப்பும். ஒரு போல்டைக் கழற்றிப் புதியதைப் போட்ட பிறகுதான் அடுத்தது. கார்டின் எல்லாப் பிடிகளையும் விரலளவு இறுக்கத்தில் விட்டு, நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியில் மொத்தமாக இறுக்குங்கள். இதற்கு உங்கள் சின்ன டோர்க் ரெஞ்ச் போதாது, பெரியதை யாரிடமாவது ஒரு நாளுக்குக் கேட்டு வாங்குங்கள்.

பைக் டூலுக்குப் பஞ்சிகாவத்தை. ரெஞ்ச், திரட் ரொட், வாஷர் எல்லாம் பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் தெரிவு கூட. ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை) பெரும்பாலான கடைகள் பூட்டு, வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும், ஆகவே வார நாளில் காலையிலேயே போங்கள். கிளட்ச் நட்டின் போட்டோவையும், அளவோடு எழுதிய துண்டையும், முடிந்தால் கழற்றிய பழைய போல்டையும் கையோடு கொண்டு போய், கவுண்டரிலேயே பொருத்திப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்து பொருந்தவில்லை என்றால் பாவித்த டூலைத் திருப்பி எடுக்க மாட்டார்கள்.