4 வயதுப் பையனுக்கு எழுத்தா, விளையாட்டா?

எல்கேஜி அம்மா:
என் பையனுக்கு 4 வயது. தினமும் இரண்டு பக்கம் எழுதச் சொல்கிறார்கள், பென்சிலைப் பார்த்தாலே அழுகிறான். பக்கத்து அங்கன்வாடிப் பிள்ளைகள் பாட்டும் மண்ணுமாக இருக்கிறார்கள். இவனையும் அப்படி விட்டால் பின்தங்கிவிடுவானா?

பால்வாடி டீச்சர்:
பயப்பட வேண்டாம்மா. அந்த வயதில் விரல்களுக்கு அவ்வளவு பலம் வந்திருக்காது, நிறைய எழுதினால் கை வலிக்கும். சப்பாத்தி மாவை உருட்டட்டும், பூ கோக்கட்டும், பல்லாங்குழியில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் போடட்டும், பென்சில் பிடிக்கிற பிடியும் எண்ணிக்கையும் சேர்ந்தே வரும். கொட்டையை வாயில் போட்டுக்கொள்ளாமல் மட்டும் பக்கத்திலேயே இருங்கள்.

தென்காசி அப்பா:
ஃபின்லாந்தில் 7 வயதில்தான் முதல் வகுப்பே. ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் 1837இல் தொடங்கிய பள்ளிதான் பிறகு கிண்டர்கார்டன் ஆனது, அது விளையாட்டை நம்பித் தொடங்கியது. அந்தப் பெயரைப் பலகையில் எழுதிவைத்துக்கொண்டு பிள்ளைகளை இப்படி வாட்டுவது எனக்கு உண்மையிலேயே கோபமாக இருக்கிறது.

எல்கேஜி அம்மா:
சரி, அம்மா வீட்டுப் பரணில் பல்லாங்குழி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துவருகிறேன். மிஸ்ஸிடம் எழுத்தைக் குறைக்கச் சொல்லலாமா?

பால்வாடி டீச்சர்:
தாராளமாக. கை வலிக்கிறது என்று அவன் அழுவதை அப்படியே சொல்லுங்கள். அப்புறம், அவனோடு கடை வைத்து விளையாடுங்கள், பேச்சு நன்றாக வளரும்.