போன் செய்துவிட்டுத்தான் வருவார்களாம்!

செங்காந்தள்
சென்ற வாரம் இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "அமெரிக்காவில் பிள்ளையை ஒரு தட்டுத் தட்டினால் போதும், போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும்" என்று அளந்திருந்தார். நான் 12 ஆண்டுகளாக மினசோட்டாவில் இருக்கிறேன். எங்கள் குழந்தைக்கு இடுப்பின் பின்புறம் பிறவியிலேயே நீலத்திட்டு உண்டு. நம் பிள்ளைகள் பலருக்கும் இருப்பதுதான். நாங்கள் வேலைக்குப் போகும்போது குழந்தையை விடும் காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் அதை அடிபட்டுக் கன்றிய இடம் என்று நினைத்துப் புகார் கொடுத்துவிட்டார். போலீஸ் வரவில்லை. கவுண்டியின் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஓர் அம்மா போன் செய்து, எப்போது வரலாம் என்று கேட்டு, நான்கு நாள் கழித்து வந்தார். மருத்துவர் கடிதத்தைப் பார்த்தார். வீட்டில் ஏதாவது உதவி தேவையா என்று கேட்டார். அவ்வளவுதான். இதற்குக் குடும்ப மதிப்பீடு என்று பெயர். யார் குற்றவாளி என்ற தீர்ப்பே அதில் கிடையாது.

கரும்பலகை
போன் செய்து, நேரம் கேட்டு, நான்கு நாள் கழித்து வந்தார்! நீங்களே எழுதிவிட்டீர்கள் அம்மா, எனக்கு வேலை மிச்சம். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. மறைக்க இருக்கிறவனுக்கும் அதே போன்தானே போகிறது? நான்கு நாளில் காயம் மஞ்சளாகிவிடும். குழந்தைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தியும் முடித்துவிடுவான்.

நெய்தல்
ஒரு சந்தேகம். மதிப்பீடு என்பது எது, விசாரணை என்பது எது என்று யாராவது முதலில் பிரித்துச் சொன்னால் எங்களைப் போன்றவர்களுக்கு விளங்கும்.

செங்காந்தள்
கரும்பலகை ஐயா வழக்கம்போலப் பாதியை விழுங்கிவிட்டார். பாலியல் கொடுமை, உயிருக்கு ஆபத்து என்றால் மினசோட்டாவில் விசாரணைதான்; கொடுமை நடந்ததா இல்லையா என்று அதில் தீர்ப்பு எழுதுவார்கள். அதில் குழந்தையைப் போய்ப் பார்க்க 24 மணி நேரக் கெடு. ஐந்து நாள் அவகாசம் மற்றவற்றுக்கு. குடும்ப மதிப்பீட்டை 2001 முதல் 20 கவுண்டிகளில் சோதித்துப் பார்த்துத்தான் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். குலுக்கல் முறையில் குடும்பங்களை மதிப்பீட்டுக்கும் விசாரணைக்குமாகப் பிரித்து ஆய்வு செய்தார்கள். உதவி கிடைத்த குடும்பங்கள் மீது மறுபடி புகார் வருவது குறைந்தது.

கரும்பலகை
புகார் குறைந்தது; அடி குறைந்ததா? போன் செய்துவிட்டுப் போனால் எங்கே எதுவும் கண்ணில் படப்போகிறது? இல்லினாய் மாநிலம் 2010இல் இதைத் தொடங்கி 2012இலேயே மூட்டை கட்டியது. அதை ஏன் எழுதவில்லை?

உங்கள் மினசோட்டாவிலேயே, போப் கவுண்டியில், 2013இல் நான்கு வயதுச் சிறுவன் இறந்தான். அவனுக்காகப் பலமுறை புகார் போயிருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்கள் காயத்தைக் கண்டு சொல்லியிருந்தார்கள். 2014இல் பத்திரிகையில் வெளிவந்த பிறகுதான் ஆளுநர் மார்க் டேட்டன் பணிக்குழு அமைத்தார். 2015 மார்ச்சில் அந்தக் குழு என்ன சொன்னது? முடிந்தவரை பெற்றோரிடம் பேசுவதற்கு முன்பே குழந்தையைத் தனியாகப் பாருங்கள் என்றது. அதாவது, போன் செய்யாதே என்றது! நான் பள்ளியில் 26 ஆண்டுகள் இருந்தவன். புகார் கொடுக்கச் சட்டப்படி கடமைப்பட்டவன். கொடுத்த மறுநாள் பிள்ளை வகுப்புக்கு வந்து என் முகத்தையே பார்க்காமல் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்குப் போன் போயிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

இரவுப்பணி
நான் செவிலியர். ஐயா கேட்கிற விசாரணையில் 'கொடுமை நடந்தது' என்று ஒரு வரி எழுதிவிட்டால், பராமரிப்புத் துறையில் பின்னணிச் சோதனையின்போது அது குறுக்கே வந்து நிற்கும். வேலை போனால் அந்தப் பிள்ளைக்கு யார் சோறு போடுவது? கரும்பலகையா?

கரும்பலகை
சோற்றைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். பொங்கல் விழாவில் ஐம்பது பேருக்குச் சாம்பார் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நிமிடத்தில் கைவிரித்தது யார்? நான் கேட்டது ஒரே கேள்வி. போன் செய்வது சரியா, தவறா?

இரவுப்பணி
அன்று எனக்கு இரட்டைப் பணி. மூன்று ஆண்டாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

பழையசோறு
'கவுண்டி' என்று எல்லாரும் எழுதுகிறீர்களே, 'மாவட்டம்' என்ற சொல் என்ன பாவம் செய்தது?

செங்காந்தள்
மாவட்ட ஆட்சியர் இருந்தால் மாவட்டம் என்று எழுதலாம், இங்கே இல்லை. ஐயா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தச் சிறுவனின் வழக்கில் குற்றம் போனில் இல்லை. புகார்கள் வாசலிலேயே தள்ளுபடியானதில் இருக்கிறது. தள்ளிய பழைய புகார்களைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று 2014இல் சட்டமே போட்டார்கள், 2015இல் நீக்கினார்கள். அந்த ஓட்டையை விட்டுவிட்டுப் போனைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

கரும்பலகை
அந்த ஓட்டையை நான் மறுக்கவே இல்லையே! வாசலைத் தாண்டி உள்ளே வந்த புகாருக்கு என்ன செய்தார்கள் என்றுதானே கேட்கிறேன். போன் செய்தார்கள். வரியைக் குறைவாகக் கட்டியதாகச் சந்தேகம் வந்தால் வருமானவரிக்காரர் உங்களிடம் வசதியான நேரம் கேட்டுக்கொண்டா சோதனைக்கு வருவார்?

இரவுப்பணி
தணிக்கைக்கு முன்பு கடிதம் அனுப்புவார்கள். எனக்கு வந்திருக்கிறது.

கரும்பலகை
ஓ, அதுவும் வந்திருக்கிறதா?

இரவுப்பணி
இது அநாகரிகம். மட்டுறுத்துநர் கவனிக்கவும்.

செங்காந்தள்
முன்னறிவிப்பில்லாமல் இரண்டு பேர் அடையாள அட்டையோடு கதவைத் தட்டினால் விசாவில் இருக்கிற குடும்பம் என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் குடியுரிமை வாங்கிக் காலம் ஆகிவிட்டது. அந்த அம்மா போன் செய்ததால்தான் நான் கதவைத் திறந்தேன். இல்லாவிட்டால் வழக்கறிஞரைத்தான் கூப்பிட்டிருப்பேன். கதவு திறக்காத வீட்டில் எந்தக் குழந்தையை நீங்கள் காப்பாற்றுவீர்கள்?

கரும்பலகை
பள்ளியில் பார்க்கலாமே! பிள்ளை தினமும் ஆறு மணி நேரம் அங்கேதான் இருக்கிறது. யார் கதவையும் தட்ட வேண்டாம்.

செங்காந்தள்
என் குழந்தைக்கு அப்போது பதினான்கு மாதம். அதனிடம் தனியாக என்ன கேட்பீர்கள்?

நெய்தல்
மதிப்பீட்டுக்கும் விசாரணைக்கும் வேறுபாடு கேட்டிருந்தேன்...

கரும்பலகை
நெய்தல், மேலே போய்ப் படியுங்கள். செங்காந்தள் அம்மா, பதினான்கு மாதக் குழந்தையைக் கேட்கத் தேவையில்லை, உடம்பைப் பார்த்தால் போதும். புகார் வந்த அன்றே, போன் செய்யாமல்.

பழையசோறு
'மட்டுறுத்துநர்' சரி. ஆனால் 'காப்பகம்' என்றால் அநாதைப் பிள்ளைகள் இருக்கும் இடம் என்றல்லவா தோன்றுகிறது?

இரவுப்பணி
சாம்பார் விஷயத்துக்கு ஐயா இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கரும்பலகை
நான் எதற்குக் கேட்க வேண்டும்? நீங்களாவது ஒரு போன் செய்திருக்கலாம்.