‘எங்கே’ என்று கேட்டால் விடை வருகிறது, ஆனால் எடுத்தால் வாக்கியம் நிற்கவில்லை. இது அட்ஜங்டா, காம்ப்ளிமென்டா?

மன்னார்குடி டீச்சர் (கேள்வி):

பிளஸ் ஒன்னுக்கு சென்டென்ஸ் பேட்டர்ன் நடத்துகிறேன். எஸ் எழுவாய், வி வினை, ஓ செயப்படுபொருள் (ஆப்ஜெக்ட்), சி நிரப்பி (காம்ப்ளிமென்ட்), ஏ இடம், நேரம், விதம் சொல்லும் கூடுதல் பகுதி (அட்ஜங்ட்). எங்கே, எப்போது, எப்படி என்று கேட்டு விடை வந்தால் அது ‘ஏ’, அதை எடுத்தாலும் வாக்கியம் நிற்கும். பிள்ளைகளுக்குச் சொன்ன விதி இதுதான். கீழே உள்ளவற்றில் அது சிக்குகிறது.

1. ஷி புட் த பாட் ஆன் த ஸ்டவ்.
2. ஷி குக்ட் த ரைஸ் ஆன் த ஸ்டவ்.
3. த வாட்டர் ரீச்ட் கல்லணை.
4. ஹி ஒர்க்ட் த ஹோல் டே.
5. மை பிரதர் இஸ் இன் கும்பகோணம்.

முதல் வாக்கியத்தில் ‘ஆன் த ஸ்டவ்’ஐ எடுத்துவிட்டால் ‘ஷி புட் த பாட்’ என்று அந்தரத்தில் நிற்கிறது. கைடில் எஸ்விஓஏ என்றிருக்கிறது. எம்.ஏ. பாடத்தில் அதையே காம்ப்ளிமென்ட் என்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

திருவையாறு:

இரண்டும் சரிதான் டீச்சர். காம்ப்ளிமென்ட் என்ற ஒரே சொல் இரண்டு பொருளில் புழங்குகிறது.

பள்ளிக்கூட ‘சி’ மிகச் சின்ன வட்டம். எழுவாயையோ செயப்படுபொருளையோ இன்னது, இப்படிப்பட்டது என்று சொன்னால் மட்டுமே சி. ‘த கெனால் பிகேம் டிரை’ என்பதில் டிரை என்பது வாய்க்காலைப் பற்றிய சொல், அதனால் சி. மொழியியலில் வட்டம் பெரிது. வினை தன் பொருள் நிறைவதற்காகக் கேட்டு வாங்கும் எல்லாமே அங்கே காம்ப்ளிமென்ட். ஆப்ஜெக்ட்கூட அதில் அடக்கம்.

1985இல் குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகிய நால்வர் எழுதிய பெரிய ஆங்கில இலக்கணத்தில் ஏழு அமைப்புகள்: எஸ்வி, எஸ்விஓ, எஸ்விசி, எஸ்விஏ, எஸ்விஓஓ, எஸ்விஓசி, எஸ்விஓஏ. இவற்றில் வரும் ‘ஏ’ எடுக்கவே முடியாத ஏ. ஆக, ‘ஏ என்றால் எடுத்துவிடலாம்’ என்ற விதி அங்கேயே உடைகிறது. 2002இல் வந்த ஹடில்ஸ்டன், புல்லம் இலக்கணம் ‘புட்’டுக்குப் பின்னால் வரும் இடத்தைக் காம்ப்ளிமென்ட் என்றே வைக்கிறது. பெயர்தான் வேறு, உண்மை ஒன்று: ‘புட்’டுக்கு வைப்பவர், பொருள், இடம் மூன்றும் வேண்டும். ‘குக்’குக்கு இடம் வேண்டாம். எங்கே என்ற கேள்வி இதைக் காட்டித் தராது, வினைதான் காட்டும்.

எடுத்துப் பார்க்கும் சோதனை ஒருபக்கம்தான் வேலை செய்யும். எடுக்க முடியவில்லை என்றால் நிச்சயம் வினை கேட்டது. எடுக்க முடிகிறது என்பதால் மட்டும் அட்ஜங்ட் ஆகிவிடாது. ‘ஹி ஏட் இட்லி’யில் இட்லியை எடுத்தாலும் ‘ஹி ஏட்’ நிற்கிறது, அதற்காக இட்லி அட்ஜங்ட் இல்லையே.

அதனால் ‘டிட் சோ’ (அப்படியே செய்தான்) போட்டுப் பாருங்கள். ‘கண்ணன் வாஷ்ட் த பேக் இன் த கெனால், அண்ட் வேலு டிட் சோ அட் ஹோம்’ சரியாக வருகிறது. இடம் டிட் சோவுக்கு வெளியே நிற்க முடிகிறது, ஆகவே அட்ஜங்ட். ‘கண்ணன் புட் த பேக் இன் த கார்ட், அண்ட் வேலு டிட் சோ இன் த ஷெட்’ காதுக்கே இடிக்கும். செயலைக் குறிக்கும் வினைகளுக்குத்தான் இந்தச் சோதனை. பி (இரு), நோ (அறி), ரிசெம்பிள் (ஒத்திரு) போன்றவற்றில் போட்டால் எல்லாமே தப்பாகத் தெரியும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

ஐந்தாவதில் பள்ளித் தேர்வுக்கு எஸ்விஏ. ‘இஸ் எ டீச்சர்’ எஸ்விசி ஆயிற்றே என்று இதற்கும் சி போட்டால் மார்க் போகும்.

மயிலாடுதுறை:

மூன்றாவதிலும் நாலாவதிலும் பிள்ளைகளைக் கெடுப்பது தமிழ் மொழிபெயர்ப்புதான். ‘தண்ணீர் கல்லணைக்கு வந்தது’ என்று மனதில் ஓடும், உடனே ஏ போடுவார்கள். ரீச் நேராக ஆப்ஜெக்ட் வாங்கும் வினை, நடுவில் ப்ரெப்பொசிஷன் வராது. அதனால் எஸ்விஓ. ‘அரைவ்ட் அட் கல்லணை’ என்று எழுதியிருந்தால் எஸ்விஏ. என்டரும் இப்படித்தான். வீட்டுக்குள் நுழைந்தான் என்று தமிழில் வந்தாலும் ‘ஹி என்டர்ட் த ஹவுஸ்’ எஸ்விஓ.

‘ஒர்க்ட் த ஹோல் டே’ பக்கத்தில் ‘வேஸ்டட் த ஹோல் டே’ என்று எழுதிப்போட்டு இரண்டையும் பேசிவ் ஆக்கச் சொல்லுங்கள். ‘த ஹோல் டே வாஸ் வேஸ்டட்’ வரும், ஓ. ‘த ஹோல் டே வாஸ் ஒர்க்ட்’ வராது, ஏ. பெயர்ச்சொல்லாக இருந்தாலே ஆப்ஜெக்ட் என்ற நினைப்பு இதில் போய்விடும்.

தமிழ் கைகொடுக்கும் இடமும் உண்டு. ‘தே டிசைடட் ஆன் த பஸ்’ என்பதற்கு இரண்டு பொருள். பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் ‘ஆன் த பஸ்’ வினை கேட்டது. பஸ்ஸில் வரும்போது முடிவெடுத்தார்கள் என்றால் அட்ஜங்ட். நம் ஐ உருபும் இல் உருபும் பிரித்துக் காட்டுவதை ஆங்கிலம் ஒரே வடிவத்தில் ஒளித்து வைக்கிறது. ‘ஆன் த பஸ், தே டிசைடட்’ என்று முன்னால் கொண்டுபோனால் இரண்டாவது பொருள்தான் மிஞ்சும்.

மன்னார்குடி டீச்சர்:

ரொம்ப நன்றி. வேஸ்டட், ஒர்க்ட் ஜோடியை நாளைக்கே போர்டில் எழுதுகிறேன். இன்னும் இரண்டு. ‘ஷி மேட் ஹிம் எ காபி’, ‘ஷி மேட் ஹிம் எ மேனேஜர்’ ஒரே அச்சாக இருக்கின்றன. அப்புறம் ‘த நியூஸ் தட்’ என்று வந்தால் எப்படிப் பிரிப்பது?

திருவையாறு:

ஹிம்முக்கும் அடுத்ததற்கும் நடுவில் ‘ஆனார்’ வைத்துப் பாருங்கள். அவர் மேனேஜர் ஆனார், பொருந்துகிறது, எஸ்விஓசி. அவர் காபி ஆக மாட்டார். ‘மேட் எ காபி ஃபார் ஹிம்’ என்று மாற்ற முடிகிறது, எஸ்வி ஐஓ டிஓ (மறைமுக ஆப்ஜெக்ட், நேர் ஆப்ஜெக்ட்), அதாவது மேலே சொன்ன எஸ்விஓஓ.

‘த நியூஸ் தட் த டேம் வாஸ் ஓப்பன்ட்’: அணை திறந்ததுதான் செய்தியே. தட்டுக்குப் பின்னால் வாக்கியம் முழுசாக இருக்கிறது, தட்டை எடுத்து விச் போட முடியாது. நியூஸ் என்ற பெயர்ச்சொல்லின் காம்ப்ளிமென்ட். ‘த நியூஸ் தட் வீ ஹேர்ட்’: ஹேர்டுக்கு ஆப்ஜெக்ட் காணோம், பள்ளம் இருக்கிறது, விச் பொருந்துகிறது. நியூஸை விவரிக்கும் ரிலேட்டிவ் கிளாஸ். பள்ளம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

மன்னார்குடி டீச்சர்:

‘த லேபரர்ஸ் ரிட்டர்ண்ட் ஹோம் டயர்ட்’? டயர்ட் ஆட்களைத்தானே சொல்கிறது, அப்போது சி தானே?

மயிலாடுதுறை:

சொல்வது ஆட்களைத்தான், ஆனால் ரிட்டர்ன் அதைக் கேட்கவில்லை. ‘லுக்ட் டயர்ட்’டில் டயர்டை எடுத்தால் லுக்கின் பொருளே மாறும், அங்கே சி. இங்கே எடுத்தாலும் திரும்பி வந்தது திரும்பி வந்ததுதான். எம்.ஏ. விடைத்தாளில் ப்ரெடிகேடிவ் அட்ஜங்ட் என்று எழுதலாம். பிளஸ் ஒன் வினாத்தாள் நீங்களே தயாரிப்பதாக இருந்தால் இந்த வாக்கியத்தைக் கொடுக்காதீர்கள் டீச்சர், ஐந்து எழுத்தில் எதைப் போட்டாலும் பிள்ளைக்கு நியாயம் கிடைக்காது.