கரண்ட் லைன் இல்லாத கூட்டுப் பண்ணை: 5 கிலோவாட் சோலார் போதுமா?

கரிசல்காடு:
வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் ஆறு குடும்பம், மொத்தம் 22 பேர், சேர்ந்து கூட்டுப் பண்ணை போடுகிறோம். ஈபி லைன் இழுக்க வழியில்லை. திட்டம்: 5 கிலோவாட் பேனல், 5 கே.வி.ஏ இன்வெர்ட்டர், 12 வோல்ட் 150 ஏ.எச் (ஆம்பியர் மணி) டியூபுலர் (ஈய-அமில வகை) பேட்டரி நான்கு. பத்து ஃபேன், லைட், ஒரு ஃபிரிட்ஜ், 3 எச்.பி போர் மோட்டார் எல்லாம் இதிலேயே. தண்ணீரை மொத்தம் 35 மீட்டர் ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு 10,000 லிட்டர். மாடு ஏழு இருப்பதால் சமையலுக்கு கோபர் கேஸ். கரண்ட் எடுக்கச் சின்னக் காற்றாடி ஒன்றும் வைக்கலாமா? எங்கே இடிக்கும்?

நேர்மின்:
முதலில் மோட்டாரை இன்வெர்ட்டரிலிருந்து பிரித்துவிடுங்கள். 3 எச்.பி மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். இன்வெர்ட்டர் ஓவர்லோட் காட்டி நின்றுவிடும். உங்கள் தேவைக்கு 2 எச்.பி சோலார் பம்ப் போதும். 1.8 கிலோவாட் பேனலும் பம்பை ஓட்டும் கன்ட்ரோலரும் இருந்தால் சரி, பேட்டரியே வேண்டாம். நல்ல வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் 10,000 லிட்டர் ஏறிவிடும். பேட்டரிக்குப் போடும் பணத்தில் 20,000 லிட்டர் தொட்டி கட்டுங்கள். இரண்டு நாள் மழை மூட்டத்தைத் தாங்கும்.

இனி இரவுக் கணக்கு. நான்கு பேட்டரியில் இருப்பது 7.2 யூனிட். டியூபுலரைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுசு குறையும், ஆகவே கையில் 3.6 யூனிட்தான். 75 வாட் பழைய ஃபேன் பத்து, ஒன்பது மணி நேரம் ஓடினால் 6.75 யூனிட்; விடியும் முன்பே இருட்டு. 28 வாட் பி.எல்.டி.சி ஃபேன் (கரண்ட் குறைவாக எடுக்கும் புதுவகை மோட்டார் உள்ளது) என்றால் இரண்டரை யூனிட்தான். ஃபேனை மாற்றுவதுதான் இங்கே மலிவான பேட்டரி.

பம்புக்கு 1.8 போக மீதி 3.2 கிலோவாட் பேனலில் வெயில் நாளில் 12 யூனிட் சுமாருக்கு வரும். ஐப்பசி, கார்த்திகையில் பாதிகூட வராத நாட்கள் உண்டு. பேட்டரி நாள்கணக்கில் அரைகுறை சார்ஜில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துவிடும். முடிந்தால் 51.2 வோல்ட் 100 ஏ.எச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்குங்கள். 80 சதவீதம் எடுத்தாலும் 4 யூனிட் கிடைக்கும்.

இன்னொன்று, பேனல் பக்கம் சாதாரண ஏ.சி எம்.சி.பி (கரண்ட் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) போடவே கூடாது. பேனலிலிருந்து வருவது டி.சி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்); அதில் பொறி அணையாமல் எரிந்து பெட்டியே தீப்பிடிக்கும். டி.சி எம்.சி.பி, டி.சி ஃபியூஸ், தனி எர்த் மூன்றும் கட்டாயம்.

சாணவாயு:
22 பேருக்கு ஆளுக்குக் கால் கன மீட்டர் என்றால் தினம் ஐந்தரை கன மீட்டர் வாயு வேண்டும். நாள் முழுக்கத் தொழுவத்தில் கட்டினால் மாட்டுக்கு 10 கிலோ, ஆக 70 கிலோ சாணி. 25 கிலோவுக்கு ஒரு கன மீட்டர் என்று வைத்தால் 2.8 கன மீட்டர்தான், பாதிப் பேர் சமையலுக்கு. மேய்ச்சலுக்கு விட்டால் அதிலும் பாதி. 3 கன மீட்டர் தீனபந்து கலன் (நிலையான கூரை உள்ள கோபர் கேஸ் தொட்டி) கட்டுங்கள், பெரிதாகக் கட்டிப் பயனில்லை. மீதிக்கு விறகு அடுப்பு இருக்கட்டும்.

சாணியும் தண்ணீரும் சமஅளவு. வைக்கோலைப் பொறுக்கிவிட்டுக் கரையுங்கள், இல்லையென்றால் மேலே ஆடை கட்டி வாயு அடைபடும். தொழுவம் கழுவிய ஃபினாயில் தண்ணீர் உள்ளே போனால் நுண்ணுயிர் செத்து உற்பத்தி நின்றுவிடும். முதலில் வரும் வாயுவில் கரியமில வாயுவும் காற்றும் மிகுதி. அதை வெளியே விட்டுவிடுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. குழாயைச் சரிவாகப் போட்டு, தாழ்ந்த இடத்தில் நீரை வடித்துவிட டீ (T வடிவ இணைப்புக் குழாய்) ஒன்று வையுங்கள். சுடர் துடித்துத் துடித்து எரிந்தால் குழாயில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம்.

காற்றுவழி:
காற்றாடி வேண்டாம் என்பேன். காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். மரத்துக்கும் கூரைக்கும் நடுவில் வைக்கும் சின்னக் காற்றாடி பெரும்பாலும் சும்மா சுற்றும். மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியபோதுகூடத் தன் ஊரில் நிறுவவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலைப்பேட்டை பக்கம் நிறுவியது. மின்சாரத்தை ஈபி லைனில் விட வழி இருந்ததால் அது முடிந்தது. உங்களுக்கு அந்தப் பணத்தில் கூடுதலாக இரண்டு பேனல் நல்லது.

கரிசல்காடு:
நன்றி. கோடையில் போர் வற்றினால் பம்ப் காற்றை இழுத்துக் கருகாதா?

நேர்மின்:
கன்ட்ரோலரில் ட்ரை ரன் (தண்ணீரில்லாமல் ஓடுவது) பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் இல்லையென்றால் தானே நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓட்டிப் பார்க்கும். மேல் தொட்டியில், நிரம்பியதும் பம்பை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்சும் மாட்டுங்கள். பேனலைத் தெற்கு பார்த்து 10 முதல் 12 டிகிரி சாய்வில் வையுங்கள். தென்னை மட்டை நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே அந்த வரிசை முழுக்க உற்பத்தி சரியும். காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் நின்று நிழல் பார்த்துவிட்டுப் பிறகு ஸ்டாண்டுக்குக் குழி தோண்டுங்கள்.