உதவி: ரஷ்யா–அமெரிக்கா கசிவுக் கரிவளி, வரைபடத்தில் ஆயிரம் மடங்கு வித்தியாசம்

சிப்புட்_தங்கை:
வணக்கம், சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ஆறாம் படிவ இடுபணி. எண்ணெய், எரிவாயுத் தொழிலில் கசிந்தும் எரித்தும் வெளியாகும் கரிவளியை (கார்பன் டை ஆக்சைடை) ரஷ்யா, அமெரிக்கா இரண்டுக்கும் 1990 முதல் ஒப்பிட வேண்டும். இரு நாடுகளும் ஐநாவுக்குத் தரும் ஆண்டுக் கணக்குகளைத்தான் எடுத்தேன். ரஷ்யக் கோப்பு அண்ணன் தேடிக் கொடுத்தது, தலைப்பெல்லாம் ரஷ்ய எழுத்து. எக்செலில் கோடு போட்டால் ரஷ்யா கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது, அமெரிக்கா தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. நடுவில் சில ஆண்டுகளில் ரஷ்யா திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து மறுபடி எழும்புகிறது. வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். யாராவது பாருங்களேன்.

கெரியான்_ரவி:
1991ல் சோவியத் உடைந்ததே, அதனால் விழுந்திருக்கும்.

கணக்கு_மாமா:
ரவி, நாடு உடைந்தால் உற்பத்தி குறையும், பூஜ்யமா ஆகும்? ரஷ்யாவின் எண்ணெய் உற்பத்தி 1990களில் படுத்துவிட்டது உண்மைதான். ஆகவே அங்கே ஓர் இறக்கம் தெரிந்தால் அதை அழித்துவிடாதே, தங்கச்சி. இப்போது அந்தக் கோப்பிலிருந்து ஒரு கட்டத்தில் இருப்பதை அப்படியே எழுதிக் காட்டு. பூஜ்யமாகும் ஆண்டில் என்ன இருக்கிறது என்றும் சொல்.

சிப்புட்_தங்கை:
மூலக் கோப்பை நோட்பேடில் திறந்தால் 12,345 மாதிரி இருக்கிறது மாமா. பூஜ்யமாகும் ஆண்டில் எண்ணே இல்லை, ஐ இ என்று இரண்டு ஆங்கில எழுத்து மட்டும்.

கணக்கு_மாமா:
பிடித்துவிட்டோம். ரஷ்யாவில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். அவர்களுக்கு அது பன்னிரண்டு புள்ளி மூன்று நான்கு ஐந்து. நம்ம ஊர் எக்செல் அதைப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் என்று படிக்கிறது. ஆயிரம் மடங்கு அங்கேயே போய்விட்டது. ஒருமுறை எண்ணாக மாறிவிட்டால் எக்செல் திருப்பித் தராது. மூலக் கோப்பை மறுபடி உள்ளே இழு. 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' கடைசிப் படியில் 'அட்வான்ஸ்ட்' என்று ஒரு பொத்தான் உண்டு, அங்கே தசமக் குறியைக் காற்புள்ளியாக்கு. அதன் பிறகும் கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்பதெல்லாம் எழுத்தாகவே கிடக்கிறது என்று அர்த்தம்.

ஐ இ என்றால் 'வேறு வரியில் சேர்த்தாயிற்று'. என் இ என்றால் 'மதிப்பிடவில்லை', என் ஓ என்றால் 'அப்படி ஒன்று நடக்கவே இல்லை'. எக்செல் மூன்றையும் பூஜ்யமாகக் கோடு போடும். ஐ இ வருகிற உள்வரிகளை விட்டுவிட்டு, எண்ணெய், எரிவாயு மொத்தத்துக்கான 1.பி.2 வரியை எடு. அலகையும் ஒரு தடவை பார்த்துக்கொள்: அந்த அட்டவணைகள் கிலோடன்னில் (பழையவற்றில் கிகாகிராம்) இருக்கும், இரண்டும் ஒன்றுதான், 1000 டன். பத்திரிகைகள் மில்லியன் டன் போடும், அதை இதோடு கலந்தால் இன்னொரு ஆயிரம் மடங்கு.

ஆலை_ஃபிட்டர்:
கணக்கு முடிந்தது, சரி. ஆனால் தங்கச்சி, கோடு ஏறினால் அந்த நாடு மோசம் என்று எழுதிவிடாதே. நான் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். கழிவுநீர்க் குளத்தில் குமிழ் குமிழாக மீத்தேன் வரும், காய்ந்த நாளில் பக்கத்தில் நின்றால் மூக்கைப் பொத்த வேண்டும். இப்போது குளத்துக்குக் கருப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, குழாயில் இழுத்து, ஃபிளேர் என்ற எரிப்புக் குழாயில் எரிக்கிறோம். (ஐநா கணக்கில் இது கழிவுப் பிரிவு, உன் பிரிவு இல்லை. வேதியியல் ஒன்றுதான்.) 1 டன் மீத்தேனை அப்படியே விட்டால் நூறாண்டுக் கணக்கில் ஏறக்குறைய 28 டன் கரிவளிக்குச் சமம். எரித்தால் 2.75 டன் கரிவளி. குளத்தை மூடிய பிறகு கரிவளி கூடும், பூமிக்குக் கெடுதல் குறையும்.

எண்ணெய்க் கிணற்றிலும் அதே கதை. அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் பாக்கென் என்ற பாறைப் படுகையில் ஷேல் எண்ணெய் பொங்கியபோது வாயுவைக் கொண்டுபோகக் குழாய் போதவில்லை. 2014 தொடக்கத்தில் அங்கே கிடைத்த வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சும்மா எரித்தார்கள். ரஷ்யாவோ எண்ணெயோடு வரும் வாயுவில் 95 விழுக்காட்டை 2012 முதல் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று 2009ல் ஆணை போட்டது. ஆணை வேறு, கிணறு வேறு. உலக வங்கியின் செயற்கைக்கோள் கணக்கில் வாயு எரிப்பதில் அது பல ஆண்டு முதலிடம். இன்னொன்று, அமெரிக்காவின் கணக்கில் எரிவாயுவுக்கான வரிசையில் எரிக்காத கரிவளியும் உண்டு. கிணற்று வாயுவில் கலந்து வருவதை ஆலையில் பிரித்துக் காற்றில் விடுவார்கள். கரிவளிக் கோட்டை மட்டும் போட்டால் இதெல்லாம் தெரியாது, கீழே மீத்தேன் கோட்டையும் போடு.

சிப்புட்_தங்கை:
வந்துவிட்டது! இரண்டு கோடும் ஒரே தாளில் நிற்கிறது. அமெரிக்கா 2010க்குப் பிறகு ஏறுவது நன்றாகத் தெரிகிறது, பாக்கென் பற்றி அங்கேயே குறித்துவிட்டேன். மீத்தேனும் போட்டேன். அண்ணே, 2.75 எங்கிருந்து வந்தது என்று டீச்சர் கேட்டால்?

ஆலை_ஃபிட்டர்:
மீத்தேன் மூலக்கூறு எடை 16, கரிவளி 44. வகுத்துப் பார்.